மாடி வாசலில் அந்தப் போர்டு வேண்டாம்

அன்பு பிரபுவுக்கு,

நீ அனுப்பிய போர்டின் படம் என் போனுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. அப்பா ஒரு கட்டைவிரல்கூடத் தூக்கிக் காட்டவில்லையே என்று உனக்கு வருத்தம் இருக்கும். முந்தாநாள் நீ போன் செய்து, "இன்னாப்பா, புடிச்சுதா இல்லியா, ஒண்ணுமே சொல்லலியே?" என்று கேட்டபோது, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வாய் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்திய வாய், பெற்ற பிள்ளையிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல முடியாமல் ஒன்பது நாளாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது.

எழுதச் சொன்னது உன் அம்மா. "போன்ல சொன்னா பாதியிலேயே நீங்க அழுதுடுவீங்க, இல்லன்னா அவன் கத்துவான். எழுதுங்க. எழுதினா கடைசி வரைக்கும் படிச்சித்தான் ஆவணும்" என்றாள். அதனால் உன் பழைய நோட்டு ஒன்றை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு நீ ஒளித்து வைக்க வேண்டாம். நம் மாடிப்படியில் வந்து விழுந்து கும்பிட்டுப் போகிறவர்கள் யார் கேட்டாலும் படிக்கக் கொடு. உனக்குத்தான் எழுதுகிறேன், ஆனால் அவர்களிடமும் சொல்ல வேண்டியதுதான் இது.

போர்டு அழகாகத்தான் இருக்கிறது. கறுப்புக் கல், பொன் எழுத்து. 'மௌன அம்மா இல்லம். கொடிய வலியிலும் ஒரு சொல் கேட்காமல், ஓர் எழுத்து எழுதாமல், அண்ணாமலையாரோடு கலந்த இடம்.' அந்த வரியை நீ எழுதினாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது என் வாயிலிருந்து வந்த வரி. மூன்று வருஷத்துக்கு முன்பு, நம் மாடியில் குடியிருந்த ஹெல்காவின் உடல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, நம் வீட்டு வாசலில் நின்று நான் சொன்னது. அது பொய், பிரபு. அது பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். ஹெல்கா முதன்முதலில் வந்தபோது நீ நாலாம் வகுப்பு. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் நம் தெருவில் அப்போது மாடி வைத்த வீடு மூன்றுதான். ஆசிரமத்துக்கு வெள்ளைக்காரர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள், பதினைந்து நாளில் மற்றவர்கள் எல்லாம் திரும்பிப் போய்விட்டார்கள், இவர் மட்டும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அறை தேடி வந்தார். "மலை தெரியுமா?" என்று கேட்டதாக ஆட்டோக்காரர் மொழிபெயர்த்துச் சொன்னார். "மலை தெரியாம இந்த ஊர்ல கக்கூஸ்கூட கட்ட முடியாதுன்னு சொல்லுப்பா" என்றேன். அவர் அதை எப்படிச் சொன்னாரோ, அந்த அம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு மாடி ஏறியவர், நடுநடுவே விசாவுக்காக ஊருக்குப் போய் வந்த மாதங்கள் தவிர, பதினாறு வருஷம் நம் வீட்டில்தான் இருந்தார்.

வெள்ளைக்காரர்கள் இங்கே எதற்கு வருகிறார்கள் என்பது பற்றி எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. உத்திராட்சத்தைக் கிலோக்கணக்கில் மாட்டிக்கொண்டு, மூன்றாம் நாளே தனக்கு ஞானம் வந்துவிட்டது என்று காபிக் கடையில் உட்கார்ந்து சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹெல்கா அந்த ரகம் இல்லை. ஜெர்மனியில் அவர் டிராம் வண்டி ஓட்டியவர். அது தெரிந்த நாளிலிருந்து நான் அவருக்குக் 'கண்டக்டர் சார்', அவர் எனக்கு 'டிரைவரம்மா'. தமிழ் கொஞ்சம் பிடிபட்ட பிறகு, ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டே, ஏன் வந்தார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னார். ஒரு பனிக்காலத்துக் காலையில் ஒரு வயதான மனிதர் அவருடைய டிராமுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். தவறி வந்தவர் இல்லை, வேண்டுமென்றே வந்தவர். "நான் பிரேக் போட்டேன் சார். நல்லா போட்டேன். டிராம் நிக்கல. அந்தச் சத்தம் என் காதுல இன்னும் நிக்கல" என்றார். என் வண்டியிலும் ஒரு தடவை சாலை வளைவில் ஒரு ஆள் அடிபட்டுச் செத்துப் போயிருக்கிறான். ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் கேட்டேன்.

அந்தச் சத்தத்தை நிறுத்தத்தான் அவர் ஊர் ஊராகப் போயிருக்கிறார். மருந்து சாப்பிட்டிருக்கிறார், குடித்திருக்கிறார், கட்டிய கணவரை விட்டிருக்கிறார். பத்தொன்பது வயது மகளை ஒரு சமையலறையில் நிற்க வைத்து, "நான் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இங்கே வந்து முதல் மாதம், வெறுங்காலோடு கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலை தாண்டி ஒரு இடத்தில் அந்தப் பிரேக் சத்தம் நின்றதாம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "ஒரு தேங்காய் உடைக்கிற நேரம்" என்றார். அந்த நேரம் மறுபடி கிடைக்குமா என்று தினமும் பதினாலு கிலோமீட்டர் நடக்க ஆரம்பித்தார். வெயில், மழை, பௌர்ணமிக் கூட்டம் எதுவும் கணக்கில்லை. நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. எனக்குப் பௌர்ணமி என்றால் ஸ்பெஷல் பஸ், டிராபிக், காலில் மிதி. அவருக்கு அது மருந்தாக இருந்தது.

தியானத்தில் ஆரம்பித்தவர் மெள்ள மெள்ளக் கோயிலுக்குள் போனார். உன் அம்மாவிடம் புடவை கட்டக் கற்றுக்கொண்டார், பூக்கட்டக் கற்றுக்கொண்டார், பதிகத்தை ஜெர்மன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார். என்னிடம் அ, ஆ எழுதப் படித்தார். கட்டண வரிசையில் போகச் சொல்லி யாராவது கையைக் காட்டினால் கோபம் வரும், தர்ம தரிசனத்தில் நான்கு மணி நேரம் நின்றுதான் உள்ளே போவார். கற்பூரம் காட்டும்போது பொங்கிப் பொங்கி அழுவார். "அவங்க அழற அழுகையில பாதி நான் அழுதா, மாமியார் கொடுமைன்னு ஊரே பேசும்" என்று உன் அம்மா கேலி செய்வாள். ஆனால் அந்த அழுகையைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவளும் பூஜையில் கொஞ்சம் ஜாஸ்தி நேரம் உட்காருவாள். நான்கூட, சொன்னால் சிரிப்பாய், அவரைப் பார்த்துத்தான் ஐம்பது வயதுக்கு மேல் கண்ணை மூடிக் கும்பிடப் பழகினேன்.

உனக்கு டெங்கு வந்தது எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, எட்டாம் வகுப்பு. நான்கு நாள் காய்ச்சல். நான் உன்னை அடி அண்ணாமலையில் ஒருவரிடம் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வந்தேன். மூன்று நாளில் இறங்கும் என்று சொன்னார், மூன்று நாள் பொறுப்போம் என்று நானும் சொன்னேன். ஹெல்கா மாடியிலிருந்து இறங்கி வந்து உன் ஈறில் ரத்தத்தைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உன்னை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார், முன்னால் வந்த ஆட்டோவை மறித்து ஏறினார். நான் பின்னால், "யார் புள்ளைய யார் தூக்கிட்டுப் போறது!" என்று தெருவே பார்க்கக் கத்தினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் திட்டிய திட்டு உன் அம்மாவுக்குத்தான் தெரியும். நீ பிழைத்தாய். அதற்கப்புறம் பத்து நாள் நான் அந்த அம்மாவிடம் பேசவில்லை. தெருமுன்னால் என் மானம் போய்விட்டதாம். பதினோராவது நாள் அவரே வந்து, "கோவப்படு கண்டக்டர் சார். பையன் இருக்கான் இல்ல? நல்லா கோவப்படு" என்றார். என் பிள்ளை உயிரைவிடத் தெருவில் என் கௌரவம் எனக்குப் பெரிதாக இருந்தது என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, அப்படியே மறந்துபோனேன்.

கடைசி வருஷத்துக்கு வருகிறேன். கார்த்திகை தீபத்துக்கு முதல் நாள் அவர் எங்களை மாடிக்குக் கூப்பிட்டார். தீபத்திலிருந்து அடுத்த தீபம் வரை ஒரு வருஷம் மௌனம் எடுக்கப் போவதாகச் சொன்னார். வெறும் வாயை மூடுவது இல்லை. பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது, சைகையும் கிடையாது. இதற்குக் காஷ்ட மௌனம் என்று பெயர், கட்டை மாதிரி இருப்பது. உன் அம்மா, "உடம்புக்கு ஒண்ணுன்னா எப்படிம்மா சொல்லுவீங்க?" என்று அப்போதே கேட்டாள். ஹெல்கா அதற்குச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பத்து மாசம் போனா மனசு ஓடப் பாக்கும் சார். என் கை எழுதும். நீ வாங்காத. என்ன எழுதினாலும் திருப்பிக் குடு. மலையைப் பாத்துச் சத்தியம் பண்ணு" என்றார். நான் இரண்டு கையையும் மலைக்கு நேராகத் தூக்கிச் சத்தியம் செய்தேன். ஒரு பெரிய காரியத்துக்கு என்னைக் காவல் வைத்திருக்கிறார்கள் என்று நெஞ்சு விரிந்தது. அந்தப் பெருமையை நான் மறைக்கவில்லை. இத்தனை காலமும் என்னை யாரும் எதற்கும் காவல் வைத்ததில்லை.

முதல் மாதங்கள் நன்றாகத்தான் போயின. அதையும் எழுத வேண்டும், இல்லையென்றால் இதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். அவர் முகம் தெளிந்திருந்தது. நடை நிதானமாயிருந்தது. இரண்டாம் மாதம் ஒரு நாள் படியில் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார். நான் வாங்காமல் திருப்பினேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சத்தமில்லாமல் சிரித்து, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். காபிப் பொடி தீர்ந்திருக்கும், வேறொன்றும் இருக்காது. அந்தப் பிரேக் சத்தம் நின்றிருக்கும் என்றுதான் நான் இன்றுவரை நம்புகிறேன். தேடி வந்ததை அவர் நம் மாடியில் கண்டார், கொஞ்ச காலமாவது.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஆசிரமத்துப் பக்கத்து வெள்ளைக்காரர்கள், அப்புறம் நம் தெருப் பெண்கள், அப்புறம் வெளியூர். பிள்ளையில்லாத ஒரு தம்பதி வந்து கும்பிட்டுப் போய், அவர்களுக்குப் பிள்ளை உண்டாகிவிட்டது. அவ்வளவுதான், 'மௌன அம்மா' என்று பெயர் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர், பதினைந்து பேர். நான் யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் செருப்பை வரிசையாக விடச் சொல்லி, நான்கு நான்கு பேராக மேலே அனுப்பி, "முன்னாடி போங்க, முன்னாடி போங்க, படிக்கட்டுல நிக்காதீங்க" என்று சத்தம் போடும்போது, ரிட்டயர் ஆனதிலிருந்து காணாமல் போயிருந்த நான் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டேன். கடைக்குப் போனால், "மௌன அம்மா வீட்டுக்காரரா?" என்று எழுந்து நின்றார்கள். பணம் வாங்கவில்லை என்பதையே பெரிய யோக்கியதையாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வாங்கியது இந்த மரியாதையை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். எனக்குப் பின்னால் படியில் எட்டுப் பேர். கதவு திறந்தது. ஹெல்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். முகம் சிவந்து பளபளத்தது. பின்னாலிருந்து ஒரு பெண், "முகத்துல இன்னா தேஜஸ் பாருங்க!" என்றாள். அது காய்ச்சல், பிரபு. நானும் தேஜஸ் என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு கையாலும் ஒரு மடித்த தாளை என்னிடம் நீட்டினார். கை நடுங்கியது. பத்தாவது மாதம், அவரே சொன்ன பத்தாவது மாதம். நான் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இன்னும் ஒரு மடிப்பு மடித்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை நானே மூடினேன். "சிவ சிவா" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் திரும்பி அந்த எட்டுப் பேரிடம், "பாத்தீங்களா? மனசு இப்படித்தான் ஆட்டும். நாம விடக் கூடாது" என்று வகுப்பு எடுத்தேன்.

தனியாக இருந்திருந்தால் நான் அந்தத் தாளைப் பிரித்திருப்பேனா என்று இந்த மூன்று வருஷத்தில் எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டுவிட்டேன். பிரித்திருப்பேன். சுகர் மாத்திரை வாங்க மறந்தாலே பயப்படுகிறவன் நான், அந்தக் கை நடுக்கத்தைப் பார்த்துப் பிரித்திருப்பேன். அந்த எட்டுப் பேர் பார்க்கிறார்கள் என்பதால்தான் பிரிக்கவில்லை. சத்தியம், மலை என்று சொல்வதெல்லாம் பிறகு நான் கட்டிக்கொண்ட சமாதானம்.

திங்கட்கிழமை உன் அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள், தொடாமல் இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. "ஏங்க, தட்டு வச்சது வச்ச மாதிரியே கெடக்குது. உள்ள முனகல் சத்தம் கேக்குது. ஒரு தடவ கதவத் தட்டிப் பாருங்களேன்" என்றாள். "ஜபமா இருக்கும். விரதத்துல கை வைக்காத" என்றேன். "ஜபம் எனக்குத் தெரியாதா? இது வேற மாதிரி இருக்குது" என்றாள். நான் கத்தினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். நம் வீட்டில் கத்துகிறவன் பேச்சுத்தான் எப்போதும் எடுபடும், அது உனக்கும் தெரியும். புதன்கிழமை காலை அவளே போய்க் கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை. ஹெல்கா பாயில் இல்லை. கதவுக்கு இரண்டடி தூரத்தில், கதவைப் பார்த்தபடி, முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

கையில்தான் இருந்தது அந்தத் தாள். போலீசுக்குச் சொல்வதற்கு முன்னால், உன் அம்மா அலறிக்கொண்டு கீழே ஓடிய நேரத்தில், நான் அதை எடுத்துப் பிரித்தேன். தமிழில் எழுதியிருந்தார். என் இங்கிலீஷ் போதாது என்று எனக்காகவே தமிழில் எழுதியிருக்கிறார். 'கண்டக்டர் சார், வயிறு ரொம்ப வலி. நிக்க முடியல. டாக்டர் வேணும். மன்னிச்சுக்கோ.' விரதத்தை உடைப்பதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகுதான் போலீசுக்குப் போன் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடித்து வந்த டாக்டர் வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "குடல்வால் வெடிச்சி சீழ் வயிறு பூரா பரவியிருக்குது. நாலஞ்சு நாளா துடிச்சிருப்பாங்க. ஞாயித்துக்கிழமையாவது கூட்டினு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே. வீட்ல யாருமே பாக்கலியா?" என்று கேட்டார். "அவங்க மௌனம் சார்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் தெரு நிறையக் கூட்டம், மாலை, கற்பூரம். நீயும் சென்னையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தாய். "கடைசியா ஏதாவது கேட்டாங்களா?" என்று யாரோ கேட்டார்கள். சட்டைப் பையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "அவ்ளோ வலியிலயும் ஒரு வார்த்த கேக்கல. ஒரு எழுத்து எழுதல." கூட்டம் அப்படியே கையைத் தலைக்கு மேல் தூக்கியது. நீயும் தூக்கினாய். அவர் தாளை நீட்டியதைப் படியில் நின்று பார்த்தவர்களும் அந்தக் கூட்டத்தில் தூக்கினார்கள். அந்த நிமிஷமே திருத்தியிருக்கலாம், மறுநாள் திருத்தியிருக்கலாம். ஈசானிய மயானத்தில் நெருப்பு வைத்தபோது அந்தத் தாளையும் போட்டுவிடலாம் என்று கையை விட்டேன், போட முடியவில்லை. அவர் கடைசியாக எழுதியதை எரிக்க எனக்குத் துணிவில்லை. அதைக் காட்டவும் துணிவில்லை. மூன்று வருஷமாக என் பீரோவில் வேட்டிக்கடியில் இருக்கிறது.

நான் சொன்ன பொய்யை நீ நம்பினாய். நம்பி, அவருடைய மகள் லேனாவுக்கு அழகான இங்கிலீஷில் கடிதம் எழுதினாய். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, ஏன் யாரும் உதவவில்லை என்று அந்தப் பெண் கேட்டதற்கு, அவளுடைய அம்மா வலியைக் கடந்துவிட்டார், உதவி கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை என்று எழுதினாய். இருபது வருஷம் அம்மாவின் மேல் கோபமாக இருந்த பெண், உன் எழுத்தைப் படித்துக் கோபம் தணிந்து, இப்போது அதே அறையில் நாற்பது நாள் அதே காஷ்ட மௌனம் இருக்கப் புறப்பட்டு வருகிறாள். "ஆன்ட்டியோட பொண்ணே வந்து நம்ம வீட்ல மௌனம் இருக்கறாங்கப்பா, இதவிட இன்னா வேணும்!" என்று போர்டின் படத்தோடு சேர்த்துச் சந்தோஷமாக எழுதியிருந்தாய். இன்னொரு பெண் அந்தக் கதவுக்குப் பின்னால் வாயைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். வெளியே நின்று காவல் காக்க இந்த முறை நீ.

அன்று சாயங்காலம்தான் உன் அம்மாவிடம் தாளைக் காட்டினேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். படித்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டாள். "தட்டத் திருப்பித் திருப்பி எடுத்தாந்தது நான்தானே. உங்க சத்தத்துக்கு பயந்துக்கினு இருந்துட்டேன்" என்றாள். அதற்கப்புறம் இதை எழுதச் சொன்னதைத் தவிர அவள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்று சொல்கிறேன். மாடியை மூடச் சொல்லவில்லை. அமைதியைத் தேடி வருகிறவர்கள் வரட்டும், ஹெல்காவுக்குக் கிடைத்தது அவர்களுக்கும் கிடைக்கட்டும். ஆனால் எவருடைய விரதத்துக்கும் நீ காவல் நிற்காதே. யார் உன் கையைப் பிடித்துச் சத்தியம் கேட்டாலும், "உடம்புக்கு முடியலன்னா நான் கதவ உடைச்சிடுவேன், அதுக்கு சம்மதம்னா இருங்க" என்று சொல். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய அன்று அவர் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. சாமி காரியம் என்று நாலு பேர் பார்க்கும்போது நீ செய்வது எதுவாக இருந்தாலும், அந்த நாலு பேர் இல்லாவிட்டால் இதையே செய்வாயா என்று ஒரு தடவை கேட்டுக்கொள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கல் வெட்டுகிறவரிடம் போய் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார், எழுத்துப் பிழை என்றேன். மறுபடியும் பொய். நாளைக்குப் போய் அதையும் திருத்துகிறேன்.

வியாழக்கிழமை லேனாவை ஏர்போர்ட்டிலிருந்து நேரே வீட்டுக்கு அழைத்து வா. மாடிக்கு வேண்டாம், கீழே கூடத்தில் உட்கார வை. தாளை அவள் கையில் நான் கொடுக்கிறேன். அவளுக்குத் தமிழ் தெரியாது, அதனால் நீதான் படித்து இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ அழகாக எழுதுகிறவன், அதுதான் எனக்குப் பயம். அழகு செய்யாதே. வலி என்றால் வலி. டாக்டர் என்றால் டாக்டர். மன்னிச்சுக்கோ என்பதையும் விட்டுவிடாமல் சொல். அவர் பாடியதை, சிரித்ததை, உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியதை எல்லாம் அவள் கேட்டால் பிறகு சொல்லலாம், முதலில் இது.

ஒரு வாக்கியத்தை மட்டும் நீ மொழிபெயர்க்க வேண்டாம். 'லேனா, உன் அம்மா என்னிடம் உதவி கேட்டார், நான் கொடுக்கவில்லை.' இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எதிர்வீட்டு டீச்சரிடம் எழுதி வாங்கி ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இப்போது தடுமாறாமல் வருகிறது. அதை நானே அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கேட்டுவிட்டு அவள் கை ஓங்கினால், நீ நடுவில் வராதே.

உன் அப்பா